டாக்கர் ஓடும் சர்வரைப் பூட்டுவது: வெளியே நின்று தள்ளிப் பாருங்கள்

திருப்பூரில் மூன்று பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். எந்தப் பார்ட்டியிடமிருந்து எத்தனை பீஸ் வந்தது, எத்தனை கலர், எவ்வளவு டேமேஜ், டிசி (டெலிவரி சலான்) நம்பர் என்ன, ஜாப் ஒர்க் பில் எவ்வளவு, அவ்வளவுதான் அதன் வேலை. மூன்று யூனிட்டின் கணக்கும் ஒரே வாடகை சர்வரில் இருக்கிறது. 2 கோர், 4 ஜிபி ரேம், உபுண்டு 24.04 லினக்ஸ், அதற்கு மேல் டாக்கர், அதாவது ஒவ்வொரு மென்பொருளையும் 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் போடும் நேரம், ஒரு யூனிட் அண்ணன் கூப்பிட்டார். "அம்மிணி, பில்லு போட்டா சுத்திக்கிட்டே கெடக்குது. ஆளுக எல்லாம் சம்பளத்துக்கு நிக்கறாங்க." சர்வருக்குள் போய் 'டாப்' கட்டளையை ஓட்டினேன். இரண்டு கோரையும் ஒரே புராசஸ் முழுதாகத் தின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ'. லினக்ஸ் கர்னலுக்கே சொந்தமான 'கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்' என்ற பெயரின் கடைசியில் ஒரே ஓர் எழுத்தை ஒட்டி, பார்த்ததும் சந்தேகம் வராதபடி வைத்த பெயர் அது. அடுத்தவர் கணினியில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டும் மால்வேர். அது ஓடியது என் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் கன்டெய்னருக்குள்ளிருந்து.

உடனே ஃபயர்வாலைப் பார்த்தேன். உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ ஓடிக்கொண்டுதான் இருந்தது. போர்ட்டுகளில், அதாவது சர்வரின் எண்ணிட்ட வாசல்களில், 22 (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்), 80, 443 (இணையதளம்) மட்டும் திறந்திருப்பதாகச் சொன்னது. போஸ்ட்கிரெஸின் 5432 அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் வீட்டு லேப்டாப்பிலிருந்து 5432-ஐத் தொட்டுப் பார்த்தால் போஸ்ட்கிரெஸ் நேராகப் பதில் சொன்னது.

அன்றிலிருந்து எந்தப் பூட்டைப் போட்டாலும் வெளியே வந்து கதவைத் தள்ளிப் பார்க்கிறேன். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையிலும் அந்தத் தள்ளிப் பார்த்தலும் சேர்ந்தே வரும். அதை விட்டுவிட்டுச் செய்தால் பாதி வேலைதான் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

யுஎஃப்டபிள்யூ ஏன் தடுக்கவில்லை

டாக்கர் வைத்திருக்கும் எல்லோரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று டாக்கருக்கு எழுதித் தரும் காம்போஸ் ஃபைலில் 'போர்ட்ஸ்' என்று எழுதி அதன் கீழே 5432:5432 என்று போட்டால், சர்வரின் எல்லா முகவரிகளிலும், அதாவது 0.0.0.0-வில், அந்தப் போர்ட்டைத் திற என்று டாக்கருக்குச் சொல்கிறோம். லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து 5432-க்கு வரும் பாக்கெட்டின் முகவரியை வந்த வாசலிலேயே கன்டெய்னரின் முகவரியாக மாற்றிவிடுகிறது. முகவரி மாறியதும் அந்தப் பாக்கெட் சர்வருக்கு வந்ததாகக் கணக்காகாது, சர்வர் வழியாக வேறிடம் போவதாகக் கணக்காகிவிடும். நாம் யுஎஃப்டபிள்யூவில் எழுதும் விதிகள் சர்வருக்கு வருகிறவற்றுக்கு. முன்வாசலில் நிற்கும் காவலாளி வீட்டுக்குள் நுழைபவரை மட்டும் நிறுத்திக் கேட்கிறார். டாக்கரின் விருந்தாளிகள் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்விடுகிறார்கள். காவலாளி பொய் சொல்லவில்லை, அவர் பார்வையில் அவர்கள் படவே இல்லை.

லேப்டாப்பில் டிபீவர் வைத்து டேபிள்களைப் பார்க்க வசதியாக இருக்கும் என்று நான்தான் அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். பாஸ்வேர்ட் சோதனைக்காக வைத்த எளிய சொல். போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) நாம் பெயர் கொடுத்து உருவாக்கும் பயனர் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர். சூப்பர்யூசரால் 'காப்பி ஃப்ரம் புரோகிராம்' என்ற கட்டளை மூலம் ஷெல் கட்டளைகளையே ஓட்ட முடியும். பாஸ்வேர்டை ஊகித்தவனுக்கு டேபிள் மட்டும் கிடைப்பதில்லை, கன்டெய்னரே கிடைத்துவிடுகிறது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மற்ற கன்டெய்னர்கள் எளிதாகப் பேசட்டும் என்பதற்காக அதன் அதிகாரபூர்வ இமேஜில், பாஸ்வேர்ட் வைக்காதபோது வெளியாரைத் தடுக்கும் 'புரொடெக்டட் மோட்' அணைத்தே வருகிறது. போர்ட்டைத் திறந்துவிட்டால் பாஸ்வேர்ட் கூட இல்லாமல் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

இனி சரியான முறை. டேட்டாபேஸ் கன்டெய்னருக்கு 'போர்ட்ஸ்' பகுதியே வேண்டாம். ஒரே காம்போஸ் நெட்வொர்க்கில் இருக்கும் கன்டெய்னர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும், அதற்குப் போர்ட் திறக்கத் தேவையில்லை. 80, 443 இரண்டையும், வெளியிலிருந்து வருவதை வாங்கி உள்ளே உரிய கன்டெய்னருக்கு அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி மட்டும் திறக்கட்டும். அதற்கு நான் 'கேடி' என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழைத் தானே வாங்கிப் புதுப்பித்துக்கொள்கிறது. டிபீவரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டும்படி 127.0.0.1:5432:5432 என்று எழுதி, எஸ்எஸ்ஹெச் டனல் வழியாக வாருங்கள். ஆனால் டாக்கர் 28-க்கு முந்தைய பதிப்புகளில், அதே நெட்வொர்க் துண்டில் இருக்கும் பக்கத்து எந்திரங்கள் 127.0.0.1-ல் திறந்த போர்ட்டையும் எட்ட முடிந்தது. ஆகவே பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய சர்வரை என்ன செய்தேன்

சுத்தம் செய்யவில்லை, அழித்தேன். உள்ளே வந்தவன் என்னென்ன விட்டுப் போனான் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. இந்த வகை மால்வேர், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் பட்டியலில் தன்னை எழுதி வைத்துக்கொண்டு, கொன்றாலும் திரும்ப வரும். அதனால் டேட்டாபேஸிலிருந்து தகவல்களை மட்டும் டம்ப் எடுத்தேன். டேபிள் அமைப்பு, ஃபங்ஷன்கள், பயனர்கள் எதையும் அதிலிருந்து எடுக்கவில்லை. அவற்றை, உருவாக்கும் கட்டளைகளை நான் எழுதி வைத்திருக்கும் மைகிரேஷன் ஃபைல்களிலிருந்து புது சர்வரில் உருவாக்கி, தகவல்களை அதில் ஏற்றினேன். பழைய சர்வரில் இருந்த ஒவ்வொரு பாஸ்வேர்டையும் டோக்கனையும் மாற்றினேன். மூன்று யூனிட்காரர்களுக்கும் நடந்ததை நேரிலேயே சொன்னேன். அவர்களுடைய கணக்கு அது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் இப்படிப்பட்ட ஊடுருவலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை (சர்வரில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அதற்கான மின்னஞ்சல் முகவரியையும் படிவத்தையும் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். நாள் வந்தபின் தேட நேரம் இருக்காது.

புது சர்வர்

சர்வரைத் தொடுவதற்கு முன்னால் அதை வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கைப் பூட்டுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். அந்தக் கணக்கு போனால் சர்வரில் என்ன பூட்டு போட்டும் பயனில்லை, ஒரே கிளிக்கில் டிஸ்க்கோடு அழித்துவிடலாம்.

அப்புறம் அந்த நிறுவனம் தரும் ஃபயர்வால். கிளவுட் ஃபயர்வால், செக்யூரிட்டி குரூப் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். அது சர்வருக்கு வெளியே நிற்பதால் டாக்கர் உள்ளே என்ன விதி எழுதினாலும் அதைத் தாண்ட முடியாது. பக்கத்துச் சந்து வழியையும் சேர்த்து அடைக்கும் சுற்றுச்சுவர் அதுதான். என்னுடையதில் டிசிபி 80, 443, யுடிபி 51820 மூன்றுக்கு மட்டும் வழி. யுஎஃப்டபிள்யூவையும் விட்டுவிடவில்லை. சர்வரிலேயே நேராக ஓடும் சேவைகளுக்கு அது நல்ல காவல்தான்.

22 எங்கே என்று கேட்பீர்கள். வெளியே திறக்கவில்லை. 51820, வயர்கார்டு என்ற விபிஎன்னுக்கு. சரியான கீ இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, அதனால் தேடிப் பார்ப்பவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. முதலில் வயர்கார்டில் இணைகிறேன், அதற்குள்ளிருந்து எஸ்எஸ்ஹெச். வீட்டு பிராட்பேண்டின் ஐபி அடிக்கடி மாறுவதால் 'என் ஐபிக்கு மட்டும் 22' என்ற முறை எனக்கு ஒத்துவரவில்லை. வயர்கார்டு ஒருநாள் கிளம்பாமல் போனால் நிறுவனத்தின் வெப் கன்சோல் வழியாக நுழையலாம். அந்த வழி வேலை செய்கிறதா என்று 22-ஐ மூடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எஸ்எஸ்ஹெச்சில் ஒரு பொறி இருக்கிறது. இடி25519 வகைக் கீ ஒன்றை பாஸ்ஃபிரேஸோடு உருவாக்கி, சூடோ (நிர்வாகி) உரிமையுள்ள தனிப் பயனரை வைத்து, எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்ட் நுழைவுக்கும் ரூட் நுழைவுக்கும் 'நோ' போடுவோம். எல்லா வழிகாட்டிகளும் இதைச் சொல்லும். ஆனால் பல கிளவுட் இமேஜ்களில் '50-கிளவுட்-இனிட்' என்று தொடங்கும் ஒரு ஃபைல் எஸ்எஸ்ஹெச்டியின் துணை ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். அதில் பாஸ்வேர்ட் நுழைவுக்கு 'யெஸ்' என்று இருக்கலாம். உபுண்டுவில் துணை ஃபோல்டர் முதலில் படிக்கப்படும். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் எஸ்எஸ்ஹெச் முதலில் படித்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். முதன்மை ஃபைலில் நீங்கள் கவனமாகப் போட்ட 'நோ' அங்கே சும்மா கிடக்கும்.

அதனால் என் அமைப்புகளை அதே துணை ஃபோல்டரில் '10' என்று தொடங்கும் ஃபைலில் எழுதுகிறேன். பிறகு எஸ்எஸ்ஹெச்டி கட்டளையைப் பெரிய எழுத்து 'டி' ஆப்ஷனோடு ஓட்டினால், எல்லா ஃபைலையும் படித்து முடிவாக எது செல்லும் என்று அதுவே சொல்லும். இதைச் செய்யும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் விண்டோவை மூடாதீர்கள். வேறொரு விண்டோவில் கீயோடு நுழைந்து பாருங்கள். அப்புறம் கீ இல்லாத இன்னொரு கணினியிலிருந்து முயலுங்கள். பாஸ்வேர்ட் கேட்காமலே 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தால்தான் சரி. பாஸ்வேர்ட் கேட்கிறது என்றாலே கதவு இன்னும் திறந்திருக்கிறது.

அப்டேட் விஷயத்துக்கு வருவோம். உபுண்டுவின் பாதுகாப்புத் திருத்தங்களை 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' தானாகப் போட்டுவிடும். கர்னல் திருத்தம் வந்தால் ரீஸ்டார்ட் செய்வதை மட்டும் நாம்தான் அமைக்க வேண்டும். என்னுடையது விடியற்காலை 3:30-க்கு. ஆனால் டாக்கரை அதன் சொந்த ரெப்போவிலிருந்து (மென்பொருள் களஞ்சியம்) நிறுவியிருந்தால் அது இந்தத் தானியங்கிப் பட்டியலில் சேராது. சர்வர் தினமும் அப்டேட் ஆகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும்போது டாக்கர் மட்டும் பழையதாகவே நிற்கும். 2024 ஜனவரியில், டாக்கரில் கன்டெய்னர்களை ஓட்டும் ரன்சி என்ற அடிப்பகுதியில் ஓர் ஓட்டை வெளியானது. கன்டெய்னருக்குள்ளிருந்து சர்வரின் ஃபைல்களுக்கே வர முடிந்தது. 1.1.12 பதிப்பில் அடைத்தார்கள். டாக்கரை யாரும் தொடாத சர்வருக்கு அந்தத் திருத்தம் தானாகப் போயிருக்காது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, யூனிட்டுகள் மூடியிருக்கும்போது, நானே கையால் டாக்கரை அப்டேட் செய்கிறேன். கன்டெய்னர்கள் ஒருமுறை நின்று எழும் என்பதால்தான் அந்த நேரம்.

இமேஜ்களும் அப்படித்தான். 'லேட்டஸ்ட்' என்று எழுதாதீர்கள். இன்று எது ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். பதிப்பு எண்ணை எழுதி, நீங்களே பார்த்து ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் ட்ரிவி போன்ற ஸ்கேனரில் ஒருமுறை ஓட்டினால் தெரிந்த ஓட்டைகளைக் காட்டும்.

கன்டெய்னருக்குள்

யாராவது எப்படியோ உள்ளே வந்துவிட்டால் அவனுக்குக் கையில் ஒன்றும் அகப்படக் கூடாது. என் ஆப் கன்டெய்னர் ரூட்டாக ஓடாது, டாக்கர்ஃபைலிலேயே தனிப் பயனர். காம்போஸில் 'கேப் டிராப்' என்பதில் 'ஆல்' (சிறப்பு அதிகாரங்கள் அனைத்தையும் பறிப்பது), 'நோ நியூ பிரிவிலெஜஸ்' (புது அதிகாரம் பெறாமல் தடுப்பது), 'ரீட் ஒன்லி' (ஃபைல்களை மாற்ற முடியாமல் வைப்பது), தற்காலிக ஃபைல்களுக்கு 'டிஎம்பிஎஃப்எஸ்' (ரேமில் ஓர் இடம்) நான்கும் போட்டிருக்கிறேன். டாக்கரின் டிஎம்பிஎஃப்எஸ் இயல்பாகவே 'நோஎக்செக்' ஆக வரும், அதாவது அங்கே இறக்கி வைத்த புரோகிராமை அங்கிருந்து நேராக ஓட்ட முடியாது. போஸ்ட்கிரெஸுக்கு டேட்டா வால்யூமில் (கணக்கைச் சேமிக்கும் இடம்) எழுதும் உரிமை இருந்தே ஆக வேண்டும், ஆகவே அங்கே இந்தத் தடை முழுமையானதல்ல. அதனால்தான் ஆப் இப்போது சூப்பர்யூசராக டேட்டாபேஸுக்குள் போவதில்லை. தன் டேபிள்களை மட்டும் தொடும் சாதாரணப் பயனராகப் போகிறது.

நினைவக வரம்பும் வையுங்கள். ஒரு கன்டெய்னர் வீங்கினால் மற்ற இரண்டு யூனிட்டின் பில்லும் நின்றுபோகக் கூடாது.

போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டை மாற்றும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று. என்வி ஃபைலில் இருக்கும் பாஸ்வேர்ட், வால்யூம் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே பயன்படும். பிறகு அந்த வரியை மாற்றி கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய பாஸ்வேர்டே நீடிக்கும். டேட்டாபேஸுக்குள் போய் 'ஆல்டர் யூசர்' கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றியபின் இன்னொரு கன்டெய்னரிலிருந்து பழையதைக் கொடுத்துப் பாருங்கள், மறுக்க வேண்டும். அதே கன்டெய்னருக்குள்ளிருந்து சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள், உள்ளூர் இணைப்புக்கு அந்த இமேஜ் பாஸ்வேர்டே கேட்காது.

டாக்கருக்குக் கட்டளை கொடுக்கும் வழியான டாக்கர் சாக்கெட்டை எந்தக் கன்டெய்னருக்குள்ளும் மவுண்ட் செய்யாதீர்கள். அதைத் தொட முடிந்தவனுக்கு சர்வரின் ரூட் கிடைத்த மாதிரிதான். 'டாக்கர்' குரூப்பில் ஒருவரைச் சேர்ப்பதும் அதே அளவு அதிகாரம் கொடுப்பதே. 2375 போர்ட்டில் டாக்கரின் ஏபிஐயைத் திறக்கச் சொல்லும் வழிகாட்டி எதையாவது பார்த்தால் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள். அங்கே பூட்டும் இல்லை, என்கிரிப்ஷனும் இல்லை.

தாக்குதலே இல்லாமல் சர்வரைச் சாய்க்கும் ஒன்று, லாக். டாக்கரின் இயல்பான லாக் முறைக்கு அளவு வரம்பு கிடையாது, டிஸ்க் நிறையும் வரை வளரும். டாக்கரின் அமைப்பு ஃபைலான டீமன் ஜேசனில் ஒரு லாக் 10 எம்பி, மொத்தம் 3 ஃபைல் என்று வைத்திருக்கிறேன். இந்த அமைப்பு புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே ஓடுகிறவற்றை அழித்து மறுபடி உருவாக்குங்கள். 180 நாள் வைக்க வேண்டிய லாக்குகளை நான் தினமும் வெளியே நகல் எடுத்துவிடுகிறேன்.

பேக்கப்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து, ஒரு கட்டடம் முழுதும் எரிந்துபோனது. சர்வரும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். எனவே பேக்கப் வேறு நிறுவனத்தில், வேறு ஊரில் இருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸின் வால்யூமை அப்படியே காப்பி எடுக்காதீர்கள், பாதி எழுதிய நிலையில் மாட்டும். தினமும் இரவு 'பிஜி டம்ப்' கட்டளையால் டம்ப் எடுத்து, அதை ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் என்கிரிப்ட் செய்து வெளியே அனுப்புகிறேன். சர்வரில் இருக்கும் கீக்குப் புதிதாகச் சேர்க்கும் உரிமை மட்டும் உண்டு, பழையதை அழிக்கும் உரிமை கிடையாது. சர்வருக்குள் ஒருவன் வந்தாலும் பழைய கணக்கை அழிக்க முடியாது. ரெஸ்டிக் பாஸ்வேர்டை சர்வரில் மட்டும் வைத்திருந்தால் சர்வரோடு அதுவும் போய்விடும். நான் ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை அந்த டம்பை லேப்டாப்பில் காலி போஸ்ட்கிரெஸ் ஒன்றில் ஏற்றுகிறேன். பிறகு யூனிட் அண்ணனுக்கு போன் செய்து, "அண்ணா, நேத்து கடைசியா போட்ட டிசி நம்பர் என்ன?" என்று கேட்கிறேன். அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும் நம்பரும் என் திரையில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருந்தால் பேக்கப் இருக்கிறது என்று எழுதி வைப்பேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு

டாக்கர் அப்டேட் முடிந்ததும் வயர்கார்டை அணைத்துவிடுகிறேன். வீட்டு வைஃபையையும் அணைத்து, லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கிறேன். என் சர்வருக்கு நான் முழு வெளியாள் ஆகும் நேரம் அது. திறந்த போர்ட்டுகளைத் தேடும் கருவியான என்மேப் வைத்து 65,535 டிசிபி போர்ட்டுகளையும் தட்டுகிறேன். பிரபலமான ஆயிரம் போர்ட்டோடு நிறுத்தாதீர்கள், சோதனைக்காகத் திறந்த ஏதோ ஒன்று 15432-ல் இருக்கலாம். சர்வருக்கு ஐபிவி6 முகவரி இருந்தால் அதற்கும் தனியாக ஒருமுறை, ஏனென்றால் ஐபிவி4-க்கு எழுதிய விதி அதைத் தடுக்காது. உங்கள் சொந்த சர்வரை மட்டும் தட்டுங்கள்.

80, 443 இரண்டு மட்டும் திறந்திருப்பதாக வர வேண்டும். மூன்றாவதாக ஒரு வரி வந்தால் அன்றைக்கு வேறு வேலை கிடையாது. காம்போஸ் ஃபைல்களைத் திறந்து 'போர்ட்ஸ்' என்ற சொல்லைத் தேடுவதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.